நல்லம்மாளின் ரெகுலேட்டர்

பிரிக்பீல்ட்ஸ்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சம்பந்தி குளோரியா அவர்களுக்கு,

உஷாராணி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். இவருக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே நீங்களும் செபாஸ்டியன் அண்ணனும் நன்றாக இருக்கிறீர்களா? போன வாரம் ரிஷியும் உங்கள் மகளும் வந்தார்கள். மருமகள் உர்சுலா மிளகு ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தாள். இந்தக் காலத்தில் எந்த மருமகள் கேட்கிறாள்? எனக்குக் கொள்ளைப் பெருமை.

கடிதமா என்று சிரிக்காதீர்கள். கடை நம்பருக்கு மெசேஜ் போட்டால் மருமகள்தான் முதலில் படிக்கிறாள். போனில் கூப்பிட்டால் நீங்கள் இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டுவிட்டு அண்ணனிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இது அண்ணனிடம் பேசுகிற விஷயம் இல்லை.

எனக்கு நல்லம்மாள் என்று ஒரு தோழி. என் வயதுதான், ஐம்பத்தாறு. பங்சாரில் ஒரு நீச்சல் குளத்தில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்கிறாள். பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவர்களோடு கடலில் இறங்கி அதிர்ச்சி கொடுக்கப் போகிறாளாம். சாமானை ஆன்லைனில் வாங்குவதா, கடையில் வாங்குவதா என்று குழம்புகிறாள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. உங்களுக்கு அதுதான் தொழில், ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஏப்ரலில் தியோமான் தீவில் நீங்கள் பிள்ளைகளோடு படகில் போய் ஈரத் தலையோடு திரும்பி வந்தீர்களே, அது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நான் வழக்கம்போல் மரத்தடியில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். இவர் பக்கத்தில் குறட்டை.

முருகன் உங்கள் கடைக்குக் குறை வைக்க மாட்டான். அண்ணனுக்கு என் வணக்கம்.

உஷாராணி


கிள்ளான்
20 ஆகஸ்ட் 2024

அன்புச் சம்பந்தி,

ஆண்டவர் தயவில் வீடு நிறையச் சுகம். இவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மகளுக்குச் சதை ஏறியிருக்கிறது, ரசம்தான் காரணம் என்று இப்போது தெரிகிறது. கடைப் பூனை ஐந்து குட்டி போட்டிருக்கிறது. பழனியப்பன் அண்ணன் முட்டிக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் நல்லம்மாளை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது. ஆனால் என்னிடம் வந்து ஆன்லைனா கடையா என்று கேட்கிறீர்களே, இது மீன்காரியிடம் கருவாடு வாங்கலாமா என்று கேட்பதுபோல இருக்கிறது. இருந்தாலும் நியாயத்தைச் சொல்கிறேன். பை, டார்ச், காலுக்கு ரப்பர் பூட்ஸ் எல்லாம் ஆன்லைனில் தாராளமாக வாங்கட்டும். மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல இழுத்து, கையை எடுக்க வேண்டும். விழாமல் ஒட்டி நின்றால் அது நம் மாஸ்க். விழுந்தால் எத்தனை மலிவாக இருந்தாலும் அதில் தண்ணீர் புகும்.

அடுத்தது ரெகுலேட்டர். டேங்கில் இருக்கிற காற்றை வாய்க்குக் கொண்டுவருவது அதுதான், அது உயிர். பழுதானால் யார் கழற்றிப் பார்ப்பார் என்று தெரியாமல் அதை வாங்கவே கூடாது.

ஜெஞ்சாரோமிலிருந்து ஒருவன் வந்தான். ஐந்து மாஸ்க்கைப் போட்டுப் பார்த்தான், விலைச் சீட்டைப் போட்டோ எடுத்தான், போய்விட்டான். அடுத்த வாரம் ஆன்லைனில் வாங்கிய அதே மாஸ்க்கோடு வந்து நிற்கிறான். "ஆன்ட்டி, ஸ்ட்ராப் மட்டும் கொஞ்சம் பாருங்க லா" என்கிறான். "மலிவா கொடுத்தவன்கிட்டயே போய்க் காட்டு தம்பி, இங்க ஏன் வர்ற?" என்று கத்தினேன். பிறகு பார்த்துத்தான் கொடுத்தேன், என்ன செய்வது.

மூன்று மாஸ்க் அனுப்புகிறேன். நல்லம்மாள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பட்டும். எல்லாரும் ஆசீர்வாதமாக இருங்கள்.

குளோரியா


பிரிக்பீல்ட்ஸ்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கே சுகம். ஒத்தடம் வேலை செய்கிறது. அங்கே எல்லாரைப் பற்றியும் எழுதினீர்கள், பூனை உட்பட. உங்கள் உடம்பு எப்படி என்று எழுதவில்லையே?

நீல மாஸ்க் நல்லம்மாள் முகத்தில் ஒட்டிக்கொண்டது. கையை விட்டுவிட்டுக் கண்ணாடி முன் நின்றாளாம். அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் உள்ளே வந்து அலறிவிட்டாராம். மற்ற இரண்டையும் அனுப்பியிருக்கிறேன், கூடவே முறுக்கு. மாஸ்க்குக்கான பணம் உறையில் இருக்கிறது. தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்ததைச் சொல்லப் பயமாக இருக்கிறது. நல்லம்மாள் ரெகுலேட்டரை ஆன்லைனில் ஆர்டர் செய்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். வாடகைக்கு எடுக்கலாம் என்று பயிற்சியாளர் பாலன் சொன்னார். ஆனால் அது ஊரார் எச்சில் இல்லையா? எத்தனை பேர் வாயில் இருந்ததோ! மருந்து போட்டுக் கழுவுவோம் என்கிறார், அவளுக்கு மனசு கேட்கவில்லை. சரி, உங்கள் கடையில் வாங்கலாம் என்றால் நீங்கள் காசு வாங்க மாட்டீர்கள். போன வருடம் இவர் ஒரு ஸ்நோர்க்கல் குழாய் வாங்க வந்தபோது பணத்தை இவர் சட்டைப் பையிலேயே திணித்து, மேலே ஒரு பையும் கொடுத்து அனுப்பினீர்கள். சம்பந்தி கடையில் இத்தனை விலையுள்ள சாமானை எடுத்தால் அது வாங்குவதா, பிடுங்குவதா? என் தோழி என்றாலும் அதே கதைதான். அவளுக்கு ரோஷம் அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் எங்கள் அன்பு.

உஷாராணி


கிள்ளான்
14 செப்டம்பர் 2024

அன்புச் சம்பந்தி,

முறுக்கு தீர்ந்துவிட்டது. இவர் நலம், மகள் நலம், மாப்பிள்ளை ரிஷி நலம். பூனைக்குட்டி ஒன்று வேண்டுமா?

உறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சம்பந்தியின் தோழியிடம் காசு வாங்கினேன் என்றால் பண்டமாரான் வரைக்கும் என் பேர் நாறும்.

ரெகுலேட்டர் விஷயத்தில் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். படத்தைப் பார்த்து உயிரை வாங்குகிறாளா உங்கள் தோழி? சரி, காசு அவளுடையது. எச்சில் விஷயத்தில் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, நானும் ஊரார் வாயில் இருந்ததை வைக்க மாட்டேன்.

இரண்டு விஷயம் அவளிடம் சொல்லுங்கள். கீழே இறங்க இறங்கக் காது அடைக்கும். மாஸ்க்கின் மேலாகவே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். கல் மூக்குத்தி போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும், அழுத்தினால் உயிர் போகும். இன்னொன்று, சளி பிடித்திருந்தால் குளத்தில்கூட இறங்கக் கூடாது. யார் காத்திருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் கூடாது. இதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டு விளக்கு எப்போதும் எரியட்டும்.

குளோரியா


பிரிக்பீல்ட்ஸ்
4 நவம்பர் 2024

அன்புள்ள சம்பந்திக்கு,

தீபாவளிக்கு வந்து வீட்டை நிறைத்ததற்கு நன்றி. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்து, சீக்கிரம் கிளம்பிவிட்டீர்கள். தலைவலியா? உங்களிடம் தனியாகப் பேசக் காத்திருந்தேன், பிள்ளைகள் விடவில்லை.

நல்லம்மாளின் ரெகுலேட்டர் செப்டம்பர் கடைசியில் வந்தது. பாலனுக்கு வேலை இருந்ததால் அக்டோபர் பாதிக்கு மேல்தான் குளத்துக்கு எடுத்துப் போனாள். வாயில் வைத்து மூச்சை இழுத்தால் காற்றோடு தண்ணீரும் வருகிறது! புரையேறி, இருமி, கையைக் காலை உதறிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். பாலன், "ஆன்லைன் சாமான்னாலே இப்படித்தான் ஆன்ட்டி, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாராம். விற்றவனுக்கு எழுதினால், நாங்கள் சோதித்துத்தான் அனுப்பினோம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறான். அவள் என்ன செய்தாள்? வந்த நாளிலிருந்து அதைப் பூப்போலத்தான் வைத்திருந்தாள்.

இப்போது அவளுக்குத் தண்ணீரைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சாமானை அனுப்புகிறேன், கொஞ்சம் பாருங்கள். இதற்குக் கூலி வாங்காவிட்டால் நான் இனி எதுவும் கேட்க மாட்டேன்.

எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உஷாராணி


கிள்ளான்
8 நவம்பர் 2024

அன்புச் சம்பந்தி,

பார்சல் வந்தது. நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, முதலில் சிரித்துக்கொள்கிறேன். நான் சொன்னேனா இல்லையா?

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, பிரிக்கவும் தேவையில்லை. போலிச் சாமானாக இருக்கும். இல்லாவிட்டால் யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து அனுப்பியிருப்பான். அப்படியானால் உங்கள் தோழி பயந்த அதே ஊரார் எச்சில்தான் வீடு தேடி வந்திருக்கிறது! இதே சாமானை என் கடையில் வாங்கியிருந்தால் நானே மாட்டி, நானே தண்ணீரில் முக்கிக் காட்டிக் கொடுத்திருப்பேன். இனி யார் ஆன்லைன் என்று வாயெடுத்தாலும் நல்லம்மாள் கதையைச் சொல்லப் போகிறேன். ஜெஞ்சாரோம்காரனுக்கு முதலில் சொல்வேன்.

தலைவலியெல்லாம் இல்லை. உங்கள் வீட்டுப் பால்கோவா அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். நாளை பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஆண்டவர் நல்லம்மாளுக்குப் புத்தி கொடுக்கட்டும்.

குளோரியா


கிள்ளான்
15 நவம்பர் 2024

அன்புச் சம்பந்தி,

எல்லாரும் நலம். நான் மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் கடை முழுக்கச் சந்தன வாசனை. முதலில் இவர் ஊதுபத்தி ஏற்றிவிட்டார் என்று நினைத்தேன். ரெகுலேட்டரைக் கழற்றினேன். மூச்சை வெளியே விடுகிற இடத்தில், தாமரை இலைபோல மெல்லிசாக ஒரு ரப்பர் வட்டம் இருக்கும். மூச்சு விட்டால் திறக்கும், இழுத்தால் மூடிக்கொள்ளும். அந்த வட்டத்தின் விளிம்பு முழுக்கச் சந்தனம் காய்ந்து ஒட்டிக் கிடந்தது, மேலே குங்குமம், உள்ளே ஒரு மல்லிகை இதழ். வட்டம் எப்படி மூடும்? தண்ணீர் ஏன் வராது?

ஆயுத பூசைக்கு வைத்தாளா உங்கள் தோழி? தையல் மிஷினுக்கும் அரிவாள்மனைக்கும் நடுவில் இதையும் வைத்து, எல்லாத் துளையிலும் பொட்டு வைத்திருக்கிறாள். காலில் மாட்டுகிற ஃபின்ஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாளா என்றும் கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு ஆவல் தாங்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறோம், ஆனால் பாதிரியார் சாமானுக்குள் எதையும் பூச மாட்டார்.

இப்போது தொண்டையில் முள்ளோடு ஒன்று எழுதுகிறேன். சாமான் அசல். புத்தம் புதிது. விற்றவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, விலையும் நியாயம். அந்த விலைக்கு என்னால்கூடக் கொடுக்க முடியாது. பிரிக்காமலே பேசினேன், என் வாயை நானே அடித்துக்கொண்டேன். ஜெஞ்சாரோம்காரனிடம் சொல்லியும் விட்டேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

கழுவி, மாட்டி, தண்ணீரில் முக்கிப் பார்த்தாயிற்று. தண்ணீர் சொட்டுக்கூட வரவில்லை. அடுத்த வருடம் பூசைக்கு வைக்கும்போது பெட்டிக்கு மேல் பொட்டு வைக்கச் சொல்லுங்கள், சாமி கோபிக்காது.

நல்லபடி இருங்கள், சீக்கிரம் எழுதுங்கள்.

குளோரியா


கிள்ளான்
6 ஜனவரி 2025

அன்புச் சம்பந்தி,

புது வருட வாழ்த்து. பதிலே இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பழனியப்பன் அண்ணனும் ரிஷியும் மட்டும் வந்தார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல்காரி செய்த அதிரசம் எப்படி அத்தனை மெதுவாக இருந்தது?

நானே சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். உங்களுக்கு நல்லம்மாள் என்று தோழி இருந்தால் கல்யாணத்துக்கு வந்திருப்பாள். கண்ணாடி முன் அலறிய வீட்டுக்காரர் கதையை அண்ணனே கிறிஸ்துமஸ் அன்று கேக்கைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார், என்ன மாஸ்க் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. உங்கள் மூக்குத்தியை நினைத்துத்தான் மூக்குத்தி பற்றி எழுதினேன்.

யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட. சிரித்தது சந்தனத்தைப் பார்த்து, உங்களைப் பார்த்து இல்லை. மே மாதம் மறுபடி தியோமான் போகிறோம். நீங்கள் இறங்குகிறீர்கள்.

இரண்டு வரியாவது எழுதுங்கள். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை.

குளோரியா


பிரிக்பீல்ட்ஸ்
20 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

காய்ச்சல் இல்லை, வெட்கம். இப்போது தேவலை. இவர் பொங்கலுக்குக் கரும்பு கடித்துப் பல்லை அசைத்துக்கொண்டார், மற்றபடி சுகம்.

ஆமாம், நான்தான். ஒவ்வொரு லீவுக்கும் பிள்ளைகள் கடலுக்குள் போய் வருவார்கள். சாப்பிடும்போதெல்லாம் ஆமையைப் பார்த்தாயா, அந்த மீனைப் பார்த்தாயா என்று பேசிக்கொள்வார்கள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு இடம் இல்லை. பைக்குக் காவல் இருந்து அலுத்துவிட்டது, சம்பந்தி. அதனால்தான் போய்ச் சேர்ந்தேன். கிழவிக்கு ஏன் இந்த வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் நல்லம்மாளைக் கூப்பிட்டேன்.

ஆனால் அன்று குளத்தில் குடித்த தண்ணீர் இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது. நீங்கள் கழுவி அனுப்பிய சாமான் நன்றாக இருக்கிறது, பாலனே போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மருந்தில் கழுவிக் கொடுத்தார். எனக்குத்தான் வாயில் வைக்கக் கை வரவில்லை. அதனால் மே மாதமும் நான் மரத்தடியிலேயே இருந்துகொள்கிறேன். நீங்கள் வழக்கம்போல் பிள்ளைகளோடு இறங்குங்கள். உங்களுக்கு அது கைவந்த வேலை, பயம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உஷாராணி


கிள்ளான்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள உஷா,

இந்த முறை பூனையைப் பற்றி எழுதப்போவதில்லை.

நான் கடலுக்குள் இறங்கி நாலு வருடம் ஆகிறது. சளியோடு ஒருநாள் இறங்கினேன். வாடிக்கைக்காரர்கள் காத்திருந்தார்கள், எனக்கு ஒன்றும் ஆகாது என்ற திமிர். காது அடைத்தது, பலமாக ஊதினேன், உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது. இடது காது அன்றோடு செவிடு, வலது காதும் மந்தம். போனை அதனால்தான் இவரிடம் கொடுக்கிறேன். பத்துப் பேர் பேசும் இடத்தில் ஒரே இரைச்சலாக இருக்கும், ஒன்றும் பிரியாது, அதனால் சுவரோரம் உட்கார்கிறேன். மேலே மிதக்கலாம், கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு மிதக்கவும் மனசு வரவில்லை. பிள்ளைகள் கீழே போனதும் படகில் உட்கார்ந்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வேன். நீங்கள் பொறாமைப்பட்ட ஈரத் தலை அதுதான்.

இவருக்கும் உர்சுலாவுக்கும் மட்டும் தெரியும். ரிஷியிடம் நான் வேறு பக்கம் இறங்குவதாக உர்சுலா சொல்லிவைத்திருக்கிறாள். கடலில் இறங்க முடியாதவளிடம் யார் கடல் சாமான் வாங்குவார்? ஆன்லைனிலேயே வாங்கிக்கொள்ள மாட்டார்களா? அந்தப் பயம்தான் எனக்கு. பயம் தெரியாதவள் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் அழுதுவிட்டேன்.

உங்கள் சாமானில் ஒரு கோளாறும் இல்லை. அதை நான் ஏழு தரம் தண்ணீரில் முக்கினேன், என் கையை நம்புங்கள். இத்துடன் கூலிக்கு பில் வைத்திருக்கிறேன், முழுசாகக் காசு கொடுங்கள். இது சம்பந்திக்குச் செய்த உபகாரம் இல்லை, கடலில் இறங்குகிற ஒருத்திக்குச் செய்த வேலை.

மறுபடி குளத்துக்குப் போங்கள். மே மாதம் பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் குளோரியா


பிரிக்பீல்ட்ஸ்
6 மே 2025

அன்புள்ள குளோரியா,

நேற்று முன்தினம் தியோமான் ஃபெரி இறங்கி மெர்சிங்கிலிருந்து ஒரே வண்டியில்தான் வந்தோம். ஆனால் இவ்வளவையும் பிள்ளைகள் முன்னால் உங்கள் வலது காதில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நான் ரப்பர் வெட்சூட் மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்ததும் ரிஷி, "அம்மா, என்னம்மா இது?" என்று நின்றுவிட்டான். உர்சுலா, "அத்தை, சீரியஸா லா?" என்று கேட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். எங்களுக்கு முன்பே தீவுக்கு வந்திருந்த பாலன் என் கையைப் பிடித்துக் கரையிலிருந்தே இறக்கினார். திரும்பிப் பார்த்தேன், மரத்தடியில் பைகளுக்கு நடுவில் நீங்கள் இருந்தீர்கள்.

கொஞ்சம் இறங்கியதும் பழைய பயம் வந்துவிட்டது. காற்று சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் இதோ தண்ணீர் வரும், இதோ வரும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போதும், மேலே போய்விடலாம் என்று அண்ணாந்து பார்த்தேன். தண்ணீரின் மேல் இரண்டு மஞ்சள் ஃபின்ஸ், ஒரு பச்சைச் சட்டை, கீழே பார்த்த முகம். நீங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினீர்கள். நல்லா இருக்கேன் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பாலன் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் காட்டினேன்.

பிறகு ஆமையைப் பார்த்தேன். அது பாட்டுக்குக் கடல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் நான் ஆமையை விட மேலேதான் அதிகம் பார்த்தேன். நான் எங்கே போனாலும் தலைக்கு மேல் அந்த மஞ்சள் ஃபின்ஸ் கூடவே வந்தது. நாலு வருடமாக மிதக்க மனசு வராதவள் எனக்காக இறங்கியிருக்கிறாள் என்று நினைத்ததும் மாஸ்க்குக்குள் கண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய மாஸ்க் நல்ல மாஸ்க், உள்ளே இருப்பதையும் வெளியே விடாது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் ஆமையைப் பற்றி நான்தான் பேசினேன். ரிஷி எழுந்து எனக்குக் குழம்பு ஊற்றினான்.

மரத்தடியில் இவரைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்தீர்களாம். இவர் குறட்டையில் குரங்குகள் வந்து பிஸ்கட்டையெல்லாம் தின்று, என் செருப்பில் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. ஒற்றைச் செருப்போடுதான் ஃபெரி ஏறினேன். போகட்டும். இனி நம் இரண்டு பேரில் யாரும் பைக்குக் காவல் இல்லை.

உடம்பு எப்படி என்று இந்த முறை கேட்கவில்லை, கையால் காட்டிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோழி நல்லம்மாள்